மூன்றாவது அழைப்பு

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் பார்ப்பது நாற்காலிகளைத்தான். மனிதர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாசலில் சற்று நின்று, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி, இருப்பதிலேயே கடைசி எது, கதவைத் திறந்தால் முதுகில் இடிப்பது எது என்று கண்டுபிடித்துவிடுவார். பிறகு அதை நோக்கி எல்லாருக்கும் பார்க்கக் கிடைக்கிற வேகத்தில் நடப்பார். போய்ச் சேர்ந்ததும் விளிம்பில் பாதி இடுப்பை மட்டும் வைத்து, மீதிப் பாதியைக் காற்றில் விட்டு, கைகளை முழங்கால்களுக்கு நடுவில் கோர்த்துக்கொண்டு உட்காருவார். அதன் பிறகு காத்திருந்தால் போதும்.

"அண்ணே, என்ன அங்க போய் உக்காந்துட்டீங்க? முன்னாடி வாங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். நமக்கு இதுவே அதிகம்."

இது முதல் அழைப்பு.

"அட வாங்கண்ணே. உங்களுக்குன்னு எடம் போட்டு வச்சிருக்கு."

"நான் யாருங்க முன்னாடி உக்கார? பெரியவங்க உக்காரட்டும்."

இது இரண்டாவது. மூன்றாவது முறை யாராவது எழுந்து வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போது ஒரு பெருமூச்சு விட்டு, "உங்க அன்புக்கு மறுப்புச் சொல்ல முடியல" என்று எழுந்து, முன்வரிசைக்குப் போய், முழு இடுப்பையும் வைத்து வசதியாக உட்காருவார்.

விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்கார், அழைத்தவரே வந்து உன்னை மேலே கூப்பிடுவார் என்ற போதனையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட நாளிலிருந்து அவர் இப்படித்தான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அது தாழ்மையைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டார்கள். மேலே போக இதைவிடக் குறுக்குவழி கிடையாது என்பது இவர் ஒருவருக்குத்தான் உடனே பிடிபட்டது.

பிழைப்பு, பல் செட்டு கட்டுவது. ஒரு பல் டாக்டரின் பின்னறையில், ஜன்னல் பக்கம் பார்த்த மேஜை. முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஈறு வைத்து, பல்லைப் பல்லாக நட்டு, வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். மாலையில் வீடு திரும்பும்போது புருவத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் இதைக் குறிப்பிடாமல் இருக்கமாட்டார். "நான் கட்டின பல்ல வச்சுக்கிட்டு ஊரே சிரிக்குது. நான் பின்னறையில இருக்கேன். அதுவே போதும் ஆண்டவரே."

"ஊர் சிரிக்குதுன்னு அவரே ஒத்துக்கிட்டாரு பாருங்க" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்கும். அது அவருடைய மனைவி.

அந்த அம்மாள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை உட்கார வைத்து, எழுத்தைக் காட்டி, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றியும் அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. நல்ல உருக்கமான சாட்சி. அதை அவர் சொல்லும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சபையில் 'ஆறுதல் குழு' என்று ஒன்று உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணி ஆறுதல் சொல்வது அதன் வேலை. பல வருடங்களாக அதற்கு இவர்தான் தலைவர். வயதானவர் போனால் ஒரு வாக்கியம், இளம் வயதில் போனால் ஒரு வாக்கியம், விபத்து என்றால் வேறொன்று என்று எல்லாவற்றையும் அச்சு வார்த்து வைத்திருந்தார். எந்த வாயிலும் பொருந்தும். அவற்றில் அவருக்கே மிகவும் பிடித்தது, "தோட்டக்காரருக்குத் தெரியும், எந்தப் பூவை... எப்பப் பறிக்கணும்னு" என்பது. 'எப்ப'வுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் வைப்பார். அந்த நிறுத்தத்தில் வீடே உடைந்து அழும். அதற்குப் பிறகு ஜெபம். ஜெபத்தின் மூன்றாம் வரியில் குரல் கம்மும், ஐந்தாம் வரியில் கண்ணீர் வரும். பஸ்கூட அவ்வளவு நேரத்துக்கு வந்ததில்லை. துக்கப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று சொல்லியிருக்கிறதே, அதில் மற்றவர்களுடைய துக்கமும் சேர்த்தி என்றால், இவரைப்போல் பாக்கியவான் அந்தச் சபையில் வேறு யாரும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டம் நடக்கும். பழைய போதகருக்கு முறை தெரியும். மூன்று தடவை கேட்பார், இவர் இரண்டு தடவை மறுப்பார், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அவர் ஓய்வுபெற்றுப் போய், புதிதாக ஒரு இளம் போதகர் வந்தார். மெலிந்த ஆள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலிகளைத் தானே தூக்கிப் போடுவார்.

"ஆறுதல் குழுவுக்கு அண்ணன்தான் இந்த வருஷமும் தலைவரா இருக்கணும்" என்றார் போதகர்.

கடைசி நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "ஐயோ பாஸ்டர், நான் வெறும் தூசி."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே. உங்க அனுபவம் யாருக்கு வரும்?"

"என்னைவிடத் தகுதியானவங்க எத்தனை பேர் இருக்காங்க! அவங்களப் பாருங்க பாஸ்டர்." சொல்லிவிட்டு, எழுந்திருக்க வசதியாகக் காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"சரிங்கண்ணே. உங்க மனசு எனக்குப் புரியுது" என்றார் போதகர். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, இவருடைய மனைவியின் தம்பியைப் பார்த்தார். "தம்பி, நீங்க எடுத்துக்கறீங்களா?"

மச்சினன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கொஞ்சம் மந்தம். "சரி பாஸ்டர்" என்றான். ஒரே அழைப்பில்! ஒரு 'ஐயோ' இல்லை, ஒரு 'தூசி' இல்லை. பந்தியில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தம்ளரை நீட்டுகிற மாதிரி.

பல் செட்டுக்காரர் புன்னகை செய்தார். தொழில் தெரிந்தவர், எத்தனை பல் காட்ட வேண்டும் என்பது தெரியும்.

அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே பேசினார். "நான் என்ன, பதவிக்கு அலையறவனா?"

"இல்லைங்க. பதவிதான் உங்களத் தேடி அலையணும்."

"உன் தம்பி ஒரு பேச்சுக்காவது வேண்டாம்னு சொன்னானா பாரு."

"அவனக் கேட்டாங்க. சரின்னு பட்டுது, சரின்னான். இதுல என்ன?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"ஏங்க, நாளைக்குப் போய் பாஸ்டரப் பாத்து, 'எனக்கு அது வேணும்'னு சொல்லுங்களேன். மூணே வார்த்தை. கொடுத்துட்டுப் போறாரு."

"சீ! கேட்டு வாங்கறதா? என்னைப் போய்..."

"அப்ப சாப்பிடுங்க, ஆறுது."

கேட்கமாட்டார். ஆனால் கிடைத்தாக வேண்டும். அடுத்த சில மாதங்கள் அவர் அதற்காகவே உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை. மறுபடி கூப்பிடவைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: இன்னும் கீழே போவது. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வந்து இறங்குகிற நேரம் பார்த்து பெஞ்சுகளைத் துடைத்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால் வாசல் கூட்டினார். அதுவும் எடுபடாததால் ஒரு நாள் வாளியோடு கழிப்பறைக்குள் போய், கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். போதகர் கைகழுவ வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே! நீங்களா?"

வந்துவிட்டது என்று நினைத்தார். "நமக்கு இதுதான் பாஸ்டர் லாயக்கு."

"ரொம்ப நன்றிண்ணே. ஆள் கிடைக்காமத் திண்டாடிட்டு இருந்தேன். அடுத்த வாரமும் வந்துடுவீங்கள்ல?"

அந்த வாரம் அவர் கட்டிய பல் செட்டு ஒன்று வாய்க்குள் போனதும் மூட மறுத்துத் திரும்பி வந்தது. கடவாய்ப் பல் உயர்ந்துவிட்டதாம். "என்னாச்சு உங்களுக்கு? போட்டவர் கோபமா இருக்கிற மாதிரியே தெரியறாரு" என்றார் டாக்டர். ராவி அனுப்பினார். ராவும்போது மச்சினனை நினைத்துக்கொண்டதில் கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்துவிட்டது.

மச்சினனின் ஆறுதலைப் பற்றிச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. போய் உட்காருகிறானாம். பேச வரவில்லையாம். ஒரு வீட்டில் செத்தவருடைய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு மிச்ச மாத்திரைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தானாம். இதெல்லாம் ஒரு ஆறுதலா? இவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்படியே போனால் வருடக் கடைசியில் போதகர் தானாக வந்து காலில் விழுவார். அப்போதும் இரண்டு தடவை மறுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

அதற்குள் அவர் மனைவி செத்துப்போனாள்.

கடையில், ஒருவர் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இப்பப் பாருங்க, நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் கவுண்டருக்குப் பின்னால் சரிந்துவிட்டாள். இதயம் என்றார்கள். காலையில் இவருக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவள். சேதி வந்தபோது அந்த டப்பா பின்னறை மேஜையில், யாரோ ஒருவரின் மெழுகு ஈறுக்குப் பக்கத்தில், இன்னும் திறக்காமல் இருந்தது.

சபை முழுக்க வந்தது. இவரிடம் ஆறுதல் வாங்காத வீடே கிடையாது. திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, இவருடைய வாக்கியங்களை இவரிடமே சொன்னார்கள். வேலை முடிந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார் என்றார் ஒருவர். தோட்டக்காரருக்குத் தெரியும் என்றாள் ஒரு அம்மாள். நிறுத்தத்தைத் தப்பான இடத்தில் வைத்தாள். 'எப்ப'வுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் அம்மா என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொருவர் வந்து அதையே நிறுத்தமே இல்லாமல் சொன்னார். "உங்களுக்கு நாங்க என்னண்ணே சொல்றது, நீங்கதான் எங்களுக்கே சொல்றவரு" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் சொன்னார்கள். ஒவ்வொன்றும் உள்ளே போய் எங்கேயோ முட்டியது. இப்படி இத்தனை வீடுகளில், இத்தனை வருடங்களாக, இதையா கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அவர்கள் எல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்? எழுந்து ஒரு அறை விட்டிருக்கலாமே.

கண்ணீர் வரவில்லை. அதுதான் பெரிய அவமானம். ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். ஊரார் சாவுக்கெல்லாம் அப்படி அழுதவர் சொந்த மனைவிக்கு எப்படி அழுவார் என்று பார்ப்பதற்காகவே முன்னால் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. இவர் பெட்டியின் தலைமாட்டில், உலர்ந்த முகத்தோடு, பிளாஸ்டரில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "கல்லு மாதிரி இருக்காரே" என்று ஒரு குரல் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொல்லப்பட்டது.

ஆறுதல் குழுத் தலைவர் ஜெபம் பண்ண வேண்டும். மச்சினன் எழுந்தான். அவனுக்கு அவள் அக்கா மட்டுமில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். "ஆண்டவரே" என்றான். நின்றான். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். மறுபடியும் "ஆண்டவரே" என்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான். சபை ஒன்றிரண்டாகக் கண்ணைத் திறந்து பார்த்தது. அவ்வளவு குட்டையான ஜெபத்தை அது கண்டதில்லை. ஆமென் சொல்வதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் விழித்தது. இவனெல்லாம் ஒரு தலைவன் என்று பல் செட்டுக்காரர் வழக்கப்படி நினைக்கத் தொடங்கினார். பாதியில் அந்த நினைப்பு எங்கோ போய்விட்டது. காலையிலிருந்து அவர் காதில் விழுந்ததில், உள்ளே எதிலும் முட்டாமல் இறங்கியது அந்த ஒரு வார்த்தைதான்.

அடக்கம் முடிந்தது. சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, சமையலறைத் தொட்டி நிறையக் காபித் தம்ளர்கள் கிடந்தன. இவர் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தார். மச்சினன் வந்து பக்கத்தில் நின்று, கழுவியதை வாங்கித் துடைத்துக் கவிழ்த்தான்.

"அத்தான்."

"ம்."

"ஒண்ணு சொல்லணும். அக்கா சொல்லாதேன்னா. இப்ப அவ இல்ல. சொல்லலாமா தெரியல."

"சொல்லுடா."

"அந்தக் கூட்டத்துக்கு மொத நாள் அக்கா பாஸ்டரப் பாக்கப் போனா. நான்தான் வேன்ல கூட்டிட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"'அவர் ரெண்டு தடவ வேண்டாம்பாரு பாஸ்டர், தயவு செஞ்சு மூணாவது தடவ கேக்காதீங்க'ன்னா."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தம்ளர் கையிலேயே இருந்தது.

"வேற என்ன சொன்னா?"

"விடுங்க அத்தான்."

"சொல்லு."

"'அவர் நல்லவர் பாஸ்டர். ஆனா நல்லவர்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. அதுலதான் கெட்டுப்போச்சு'ன்னா. அப்புறம்..." மச்சினன் துணியைப் பிழிந்தான். "அப்புறம் அந்தப் பிள்ளை சமாச்சாரம். 'ஒவ்வொரு தடவயும் மைக்கப் புடிச்சு அத சொல்றாரு. நாங்க ரெண்டு பேரும் அதுக்காக இதுவரைக்கும் ஒண்ணா உக்காந்து அழுததே கிடையாது. அவர் மைக் இல்லாம அழணும் பாஸ்டர். அதுக்கு என்ன வழியோ பாருங்க'ன்னா."

பல் செட்டுக்காரருக்கு முதலில் வந்தது சிரிப்பு. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "படுபாவி" என்றார். "கூடவே இருந்துக்கிட்டு... போய்க் கேளுங்க, மூணே வார்த்தைன்னு என்கிட்டயே சொன்னாளேடா!" மச்சினனும் சிரித்தான். தொட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் திரும்பியது என்று இருவருக்கும் தெரியாது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார். மூன்றாம் வரி ஐந்தாம் வரி என்று கணக்கெல்லாம் இல்லை. மூக்கு ஒழுகியது, இருமல் வந்தது, பன்றி உறுமுகிற மாதிரி ஒரு சத்தமும் வந்தது. பார்க்க நன்றாக இல்லை. அந்த மாதிரி அழுகைக்கு எந்தச் சபையும் அவரை முன்வரிசைக்குக் கூப்பிட்டிருக்காது. அவளுக்காக அழுதார், பிறக்காத பிள்ளைக்காக அழுதார், தன் தூசிக்காகவும் அழுதார். அது உண்மையிலேயே தூசிதான் என்று அன்றுதான் பார்த்தார்.

அதற்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவரும் வெளியே சொல்லவில்லை. தன்னுடைய தில்லுமுல்லு முழுவதையும் ஒருத்தி அறிந்திருந்தாள். அறிந்திருந்தும் தினமும் காலையில் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள். இனி எதையும் மறைக்க வேண்டியதில்லை, யாரும் கையைப் பிடித்து மேலே இழுக்கவும் வேண்டியதில்லை. ஒரு மனுஷியாலேயே அப்படி முடியும் என்றால் மேலே இருப்பவருக்கு அது என்ன பெரிய காரியமா என்று தோன்றியது. அத்தனை வருடம் ஜெபம் பண்ணியவருக்கு முதல்முதலாக ஆண்டவரைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்தது, ஈரத் தரையில் உட்கார்ந்து, மச்சினனின் தோள்பட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டபோது.

"அத்தான், சட்டை."

"துவைச்சுத் தர்றேன்டா."

அதற்குப் பிறகு சபைக்கு அவரால் எந்தச் சுவாரஸ்யமும் இல்லாமல் போனது. சாட்சி சொல்வதில்லை. ஏதோ ஒரு பெஞ்சில், காலியாக இருக்கிற இடத்தில் உட்காருவார். எது என்று யாரும் கவனிக்கவில்லை. வருடக் கடைசிக் கூட்டத்தில் போதகர், "அண்ணே, இந்தத் தடவை நீங்க?" என்றார். "இல்ல பாஸ்டர், மாப்ளயே பாக்கட்டும், அவனுக்கு நல்லா வருது" என்றார். போதகர் பொறுத்துப் பார்த்தார். இவர் பக்கத்திலிருந்தவரிடம் விசிறியை வாங்கி வீசிக்கொண்டிருந்தார். குழு எங்கே போனாலும் பின்னாலேயே போவார். முன்னறையில் மச்சினன் பேசாமல் உட்கார்ந்திருப்பான். இவர் நேரே சமையலறைக்குப் போய்விடுவார். அங்கே என்ன செய்தார் என்பது நமக்கெல்லாம் வெகு காலம் தெரியாது. தம்ளர் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

தெரியவந்தது, ஒரு தபால்காரரின் விதவை சொல்லித்தான். சபைக்குப் புதிது, கறாரான பெண்மணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறும்போது, தூரத்தில் நடந்து போகிறவரைக் காட்டி மச்சினனிடம் கேட்டாள்.

"தம்பி, அந்தக் குழாய் ரிப்பேர்க்காரரும் நம்ம சபைதானா?"

"யாரு? அவரா?"

"ஆமா. எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்குத் தொட்டி அடைச்சுக்கிச்சு. ஆள் அனுப்பச் சொல்லியிருந்தேன். அவ்வளவு லேட்டா வந்து நிக்கிறாரு. நல்லாத் திட்டிட்டேன். 'தப்புதாம்மா'ன்னு சொல்லிட்டுக் கைய விட்டு அடைப்ப எடுத்தாரு. நீங்கல்லாம் முன்னாடி உக்காந்திருந்தீங்க, உங்க முன்னாடி எனக்கு அழ வரல. அவர்தானே, குழாய்க்காரர்தானேன்னு அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரரும் நானும் கடைசி ரெண்டு வருஷம் பேசிக்கல, அது உட்பட. அவர் வாயே தொறக்கல. மறுநாள் வந்து பாத்ரூம் குழாயப் பாருன்னேன். சரிம்மான்னு வந்தாரு."

"சரி பண்ணிட்டாரா?"

"எங்க! இன்னும் ஒழுகுது."